காப்புறுதிக்காரர் கேட்காத கேள்வி

அன்று நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். என் அண்ணனுக்கு, உன் மாமாவுக்கு, இதயத் தசை தடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. அது விரதத்தால் வந்ததல்ல, குடும்பத்தில் இறங்கி வருவது என்று மருத்துவமனையில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. நானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன், அந்த மரபணு என்னிடமும் இருக்கிறது, ஆகவே உன்னிடம் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு என்பதைச் சொல்லவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லை, தம்பி" என்றேன். திரும்பி நின்று பருப்பைக் கிளறினேன். அது ஏற்கெனவே வெந்துவிட்டிருந்தது.

நீ மறந்திருப்பாய். ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டில் அது ஒரு சாதாரண மாலை. பேர்கனில் வேலை கிடைத்த பிறகு நான்தான் உன்னை அரித்துக்கொண்டிருந்தேன்: உடம்பு முடியாமற்போய் வேலைசெய்ய இயலாத நிலை வந்தால் மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி ஒன்றை எடு என்று. உனக்கு அது கிழவர்களின் கவலையாகத் தெரிந்தது. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன் அப்பா வேறு நாட்டில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்ட பிறகு தனியாக வளர்த்தவள் நான். இங்கே நோர்வேயில் அரசாங்கத்தின் காப்புறுதி யாரையும் தரையில் விழவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேலை தொடங்கிய கையோடு விழுகிறவனை அது சிக்கனமாகத்தான் தாங்கும் என்பதும் தெரியும். அதனால் அரித்தேன். நீயும் ஒருவழியாக மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாய். சாப்பிட வந்திருந்த உன் கோயம்புத்தூர் நண்பன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா, இவ்ளோதானா?" என்று அவன் கேட்டான். "எங்க ஊர்ல ஒரு பாலிசி எடுக்கணும்னா அப்பாவுக்குச் சுகர் இருக்கா, அம்மாவுக்கு பிரஷர் இருக்கா, தாத்தா எத்தன வயசுல போனாரு, எதுல போனாரு, எல்லாம் கேட்டுத் துளைச்சிருவாங்க. இங்க ஒண்ணையும் காணோமே."

"இஞ்சை செத்தவையைப் பற்றிக் கேக்கமாட்டாங்கள். இருக்கிறவனைப் பற்றித்தான். உயரம், நிறை, சிகரெட் பத்துறியோ."

"பத்துறியோவா! டேய், அடுப்புதான்டா பத்தும்."

"உன்ரை தமிழ் சினிமாத் தமிழ். நீ கதையாதை."

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே நீ என் பக்கம் திரும்பி, "சும்மா கேக்கிறன், அம்மா. எங்கடை ஆக்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கே?" என்றாய். யாரும் உன்னிடம் கேட்காத கேள்வியை நீயாக என்னிடம் கேட்டாய். அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

மாமா விழுந்த கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். அதற்கு முன் வந்த கோடையில் அது நடந்தபோது நீ நண்பர்களோடு மலைக்குப் போயிருந்தாய். அம்மருட்டில் கோயில் தேர் வீதிக்கு வந்து திரும்பும் இடத்தில், வடத்தைப் பிடித்திருந்த மாமா சத்தமில்லாமல் மடங்கிக் கீழே போனார். மற்றவர்கள் வடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மாமி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "விரதம்! காலமை தொடக்கம் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கேல்லை!" என்று சுற்றி நின்ற எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள். யாரோ தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்புலன்ஸில் வந்த பெண் முழங்காலிட்டு, இவர் குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். நோர்வேஜியன் தெரிந்த அத்தனை பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். பொய் சொல்லவேண்டுமென்று அல்ல. எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது: வெயில், விரதம், வெறும் வயிறு. காரணம் தெரிந்த பிறகு வேறு கேள்வி எதற்கு? நீ தொலைபேசியில் கேட்டுவிட்டு, "மாமா, அடுத்த வருஷம் ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டிட்டு இழுங்கோ" என்று பகிடிவிட்டாய். மாமாவும் சிரித்தார்.

மருத்துவமனையில் அதே கேள்வியை ஒரு பெரிய வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்கள். பரம்பரை நோய்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு பெண். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மாமா தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். எங்கள் அப்பாவின் தம்பி? வெயிலில் கிரிக்கெட் விளையாடி விழுந்தவர். வயது? கலியாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்த வயது. அவருடைய அக்கா? காஸ்ட்ரிக். நெஞ்சில் எரிவு என்று படுத்தவர் எழும்பவில்லை. அந்த அக்காவின் மகன்? "கண்ணூறு எண்டுதான் சொன்னவை," என்றார் மாமா, என் முகத்தைப் பாராமல். புதிதாக மோட்டார்சைக்கிள் வாங்கின கிழமையில், நின்ற நிலையில் விழுந்தவன். கண்ணூறை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் தடுமாறினேன். மற்றவர்களின் பொறாமைப் பார்வையால் வருவது என்று விளக்கினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அந்த மூன்று உருவங்களையும் மாமாவையும் ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கிவிட்டு, பேனாவை மூடி மேசையில் வைத்தாள். மாமாவும் நானும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ வருடங்களாக எங்கள் வீட்டில் தனித்தனிக் கதைகளாக இருந்தவை ஒரே கோட்டில் கிடந்தன.

எங்கள் ஆட்களை நான் குறைசொல்ல எழுதவில்லை. ஒரு சாவுக்கு வெயிலைக் காரணம் சொன்னால் மிச்சமிருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்களுக்குக் கலியாணம் பேசலாம். "அந்தக் குடும்பத்திலை நெஞ்சு வருத்தம்" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் அது லண்டன், கனடா என்று எல்லா இடமும் போகும். ஆகவே ஒவ்வொரு வீடும் தன் நோயைத் தானே மூடிவைக்கப் பழகியது. அதில் அன்பு இருந்தது. அந்த அன்பினாலேயே, தனக்கு என்ன வரக்கூடும் என்பதை ஒருவரும் தெரிந்துகொள்ளாமல் போனார்கள்.

எனக்கும் இருக்கிறது என்ற முடிவு வந்த பின்னேரம் நான் அம்மருட்டுக்குப் போனேன். மாமா வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாமி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். உன்னிடம் இன்றைக்கே சொல்லப்போகிறேன் என்றதும் கேத்தலைப் பட்டென்று வைத்தாள்.

"மச்சாள், நான் சொல்லுறதைக் கேளும். பெடியன் இன்சூரன்ஸ் எடுக்கப்போறான் எண்டு நீர்தானே சொன்னனீர். இப்ப போய்ச் சொன்னா அவன் டொக்டரிட்டை ஓடுவான். டொக்டர் ஒண்டைக் கண்டுபிடிச்சு எழுதினா, இன்சூரன்ஸ்காரன் கதவைச் சாத்துவான். பிறகு ஆயுசுக்கும் கிடையாது. காரியம் முடியட்டும். முடிஞ்சாப்பிறகு ஆறுதலாச் சொல்லும்."

"அவன் மலையிலை ஓடுறவன்," என்றார் மாமா.

"நீங்கள் சும்மா இருங்கோ. தேர் இழுக்கப்போய்ப் படுத்த ஆள்."

"அதுதான் சொல்லுறன்."

"இருபத்திரண்டு வருஷம் ஓடினவன் இன்னும் ரெண்டு கிழமை ஓடமாட்டானே?" என்றாள் மாமி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவனுக்குக் கெடுதல் நினைப்பனே, மச்சாள்?"

நினைக்கமாட்டாள். உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வேலைக்கு லீவு போட்டு உன்னைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் சொன்ன கணக்கிலும் பிழை இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். நான் எதையும் வாசிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒரு சட்டத்தை, கதைப் புத்தகத்தை வாசிப்பதுபோல், அடுத்து என்ன வருமோ என்ற பயத்தோடு வாசித்தது அதுவே முதல்தடவை.

இந்த நாட்டில், எதிர்காலத்தில் என்ன நோய் வரலாம் என்று சொல்லும் மரபணுச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனம் உன்னிடம் கேட்கக் கூடாது. குடும்பத்தில் யார் யாருக்கு என்ன பரம்பரை நோய் என்று துருவவும் கூடாது. அண்மையில் அந்தச் சட்டத்தைத் திருத்தி எத்தனையோ விஷயங்களைத் தளர்த்தினார்கள். இந்தத் தடையை மட்டும் எடுக்கவில்லை. உன் நண்பன் தேடிய கேள்வி அங்கே இல்லாததற்கு அதுதான் காரணம். என்னை நிறுத்திவைத்தது அடுத்த வரி: நீயாகவே விரும்பிக் கொடுத்தாலும் அவர்கள் அதை வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஏன் அப்படி என்று நெடுநேரம் யோசித்தேன். நல்ல முடிவு வந்தவன் அதைக் கொண்டுபோய்க் காட்டினால், காட்டாதவன் எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிடும். ஒருவனுடைய மௌனத்தைக் காப்பாற்ற எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொல்கிறது சட்டம். அதை எழுதியவர்கள் எங்களைப் போன்ற வீடுகளை நினைத்து எழுதியிருக்கமாட்டார்கள். ஆனாலும் எங்களைப் பற்றி ஏதோ தெரிந்தவர்கள் எழுதியதுபோல் எனக்கு இருந்தது.

மாமி சொன்னதும் அங்கே இருந்தது. ஏற்கெனவே உடம்பில் கண்டுபிடிக்கப்பட்ட நோயைப் பற்றி அவர்கள் கேட்கலாம். கேட்டால் நீ உள்ளதைச் சொல்ல வேண்டும். மறைத்துக் கையெழுத்திட்டால் தேவைப்படும் நாளில் காப்புறுதி கையை விரித்துவிடும். உன்னை மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும், நீ அதை எதிர்த்து முறையிடலாம் என்பது உண்மை. புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் சில வருடங்களுக்குப் பிறகு அதைச் சொல்லத் தேவையில்லை என்று சில ஐரோப்பிய நாடுகளில் சட்டம் வந்திருக்கிறது. இங்கும் அந்தப் பேச்சு இருக்கிறது. கோட்டை எங்கே போடுவது என்று எல்லோரும் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அன்று இருந்த கோட்டின்படி, உன் இதயத்தை ஒரு மருத்துவர் பார்ப்பதற்கு முன் நீ காப்புறுதி எடுத்தால் கிடைக்கும். பார்த்த பிறகு எடுத்தால் கிடைக்காமலும் போகலாம்.

இதில் எது உன்னுடைய முடிவு, எது என்னுடைய முடிவு என்பதை நான் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, "முதலில் காப்புறுதியா, முதலில் மருத்துவரா, நீயே தீர்மானி" என்று விட்டிருக்கலாம். குடும்பத்தில் இருப்பது தெரிந்துகொண்டே நீ கையெழுத்திட்டிருந்தாலும் சட்டம் உன்னைக் குற்றம் சொல்லியிருக்காது. ஆகவே என் மௌனம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. அது எனக்குத்தான் தேவைப்பட்டது. சொன்னால் நீ உடனே மருத்துவரிடம் போவாய் என்று பயந்தேன். போகாமல் இருப்பாய் என்றும் பயந்தேன். இரண்டுக்கும் பயந்து பருப்பைக் கிளறினேன்.

காப்புறுதி கிடைத்தது. நீ எனக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினாய். நான் மாமிக்குச் சொன்னேன். "முருகா!" என்றாள். "இப்ப சொல்லலாம்தானே?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "மச்சாள், அங்கை போய் வீடு வாங்க லோன் எடுப்பான். அதுக்கும் ஒரு உயிர் இன்சூரன்ஸ் போடவேண்டி வரும். அதுவும் முடியட்டுமே." பிறகு, தானாகவே, மெல்லிய குரலில், "கலியாணமும் பேசவேணும்" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு காரியம் முடிந்தால் அடுத்த காரியம் வந்து வாசலில் நிற்கும். கலியாணம் முடிந்தால் பிள்ளை பிறக்கட்டும் என்போம். அப்பாவின் தம்பிக்கும் அந்த மோட்டார்சைக்கிள் பெடியனுக்கும் இப்படித்தான் யாரோ ஒருவர் நல்லதை நினைத்துக் காத்திருந்திருப்பார்கள்.

நீ பேர்கனுக்குப் புறப்பட்ட அன்று, ரயில் நிலையத்தில் சொல்லத் தீர்மானித்து வந்தேன். உன் பையின் பக்கவாட்டில் ஓட்டச் சப்பாத்துகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. "அம்மா, வசந்தத்திலை அங்கை ஒரு மலை ஓட்டம். பேர் குடுத்திட்டன்," என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் சாப்பாட்டுப் பொதியை உன் கையில் கொடுத்து, ஈரச் சப்பாத்தோடு திரியாதே என்று சொன்னேன். நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது உன் நெஞ்சு என் காதுக்கு நேரே இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அது சாதாரணமாகத்தான் அடித்தது. என்னுடையதும் சாதாரணமாகத்தான் அடிக்கிறது. மாமாவினுடையதும் தேர் திரும்பும்வரை அப்படித்தான் அடித்திருக்கும்.

வாயால் முடியாததால் எழுதுகிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உன் இதயத்தை ஒரு மருத்துவர் பார்க்கும்வரை மலையில் ஓடாதே. நடந்து ஏறு, மூச்சு வாங்கினால் நில். மருத்துவரிடம் மாமாவுக்கு இருப்பதைச் சொல், எனக்கிருப்பதையும் சொல்; அதற்கு எங்கள் இருவரின் சம்மதமும் உண்டு. வெயில் என்றோ காஸ்ட்ரிக் என்றோ சொல்லாதே. மரபணுச் சோதனையைப் பற்றி நான் எதுவும் கேட்கமாட்டேன். அதைச் செய்வதற்கு முன் ஒருவர் உன்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கேட்டபின் வேண்டாம் என்று எழும்பி வருவதும் உன் உரிமை. தெரிந்துகொள்ளாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. உன்னைத் தெரியாமல் வைத்திருக்கத்தான் எனக்கு உரிமை இல்லை. இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

இனி வாழ்க்கையில் உன்னிடம் நிறையப்பேர் நிறையக் கேட்பார்கள். கேட்க உரிமை உள்ளவன் கேட்டால் உள்ளதைச் சொல், அதனால் ஒரு கதவு சாத்தப்பட்டாலும். உரிமை இல்லாதவன் கேட்டால் வெட்கப்படாமல் வாயை மூடு. ஆனால் உன்னோடு வாழப்போகிறவளுக்கும் உனக்குப் பிறக்கப்போகிறவர்களுக்கும் அவர்கள் கேட்கும் முன்பே சொல். என் மௌனத்தால்தான் உனக்கு அந்தக் காப்புறுதி கிடைத்ததா என்று நீ நினைக்கலாம். இருக்கலாம். அதை நினைத்து நான் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது. மாமியோடு கோபப்படாதே. அவள் சொன்னாள், கேட்டவள் நான்.

இனி வருவது பிறகு சேர்த்து எழுதியது. கடிதம் கிடைத்த அன்று நீ அழைக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அழைக்கவில்லை. மாமாவைத்தான் அழைத்திருக்கிறாய், விழுவதற்கு முன் நெஞ்சுக்குள் என்ன தெரிந்தது என்று கேட்டிருக்கிறாய். பிறகு மருத்துவரிடம் போனாய். விளக்கத்தைக் கேட்டுவிட்டு மரபணுச் சோதனைக்கும் சம்மதித்தாய். உன்னிடமும் இருந்தது; இதயச் சுவர் ஓரிடத்தில் தடிக்கத் தொடங்கியிருந்தது. மாத்திரை தந்தார்கள், கடும் ஓட்டம் கூடாது என்றார்கள். மலை ஓட்டத்திலிருந்து உன் பெயரை எடுத்தாய். காப்புறுதி அப்படியே இருக்கிறது. நீ கையெழுத்திட்டபோது கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லியிருந்தாய். மாமி தன் மகளை அழைத்துக்கொண்டு தானே மருத்துவமனைக்குப் போனாள். பெயர்களை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கக் கொடுக்கலாம் என்று சொன்னது நீதான். நான் பேர்கனுக்கு வந்த அன்று மழை தூறியது. மேலிருந்து ஊரைப் பார்க்கலாம் என்று மலைக்குக் கூட்டிப்போனாய். அடிவாரத்தில், மலையேறும் ரயிலுக்கு இரண்டு சீட்டு வாங்கினாய். நாங்கள் ரயிலில் ஏறிப் போனோம்.